தாய்மாமன் பெயரோடு வந்த ஜாக்கெட்

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாளாம்! எந்தக் கதவு? அந்தக் கடையில் கதவே கிடையாது. வாசலில் ஓர் இரும்புச் சட்டர் உண்டு. காலையில் ஏற்றினால் பொழுது சாய்ந்துதான் அது இறங்கும். உள்ளே பலகை வைத்துத் தடுத்த ஆறு பெட்டிகள், பெட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பூப்போட்ட திரை. அந்தத் திரையும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். மீனம்மா உட்காருகிற பெட்டிக்கு அதுவும் இல்லை, கொக்கி உடைந்து கழற்றி வைத்திருந்தார்கள். இதையெல்லாம் நான் யாரோ சொல்லக் கேட்டுச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவளே நான்தான். எனக்கு எழுத்துத் தெரியாது, கண் தெரியும்.

இதைத்தான் அன்றைக்குப் பீலிக்கரையிலும் சொன்னேன். தண்ணீர் பிடிக்க வந்த ராக்காயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்திருந்தாள்.

"குவைத்துல பழகுன ஆம்பளையோட கம்ப்யூட்டர்ல பேசுறாளாம். மொகம் தெரியுமாம். சிரிக்கிற சத்தங்கூட கேக்குமாம்."

"நீ பாத்தியாடி?" என்றேன்.

"பாத்தவங்க சொன்னாங்க, பெரியம்மா."

"பாத்தவங்க யாரு?"

"அதெல்லாம் வெளிய சொல்ல முடியுமா?"

"அப்ப நான் வெளிய சொல்றேன், கேட்டுக்க. பாத்தவ நான்தான். அவ பேசுனது ஜாக்கெட்டப் பத்தி. ஒரு நாள் பூரா ஜாக்கெட்டப் பத்தி மட்டும் பேசுனா. எனக்கு இடுப்பு வலியே வந்துருச்சு."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ராக்காயி சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல், "ஹட்டனுக்குப் போயி கம்ப்யூட்டர்ல ஜாக்கெட் விக்கிறாளாம், கதை நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். கதை நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அவள் சொன்ன கதை வேறு, நடந்தது வேறு.

மீனம்மா எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் அறைகளில், எனக்கு அடுத்த காம்பரா. பொகவந்தலாவை பஜாரிலிருந்து மேலே ஏறி வருகிற தோட்டம் எங்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும், அவ்வளவுதான் எங்களுக்கு நடுவில் தூரம். அவள் புருஷன் அழகன் தேயிலை பெக்டரியில் வேலை. நல்லவன், வாய் பேசத் தெரியாதவன். ஒரே மகள் கிருஷாந்தி. பிள்ளைக்கு எட்டு வயதாக இருக்கும்போது மீனம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கூரைத் தகரம் ஓட்டை, பிள்ளை படிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் சொல்கிற காரணம்தான்.

நாலு வருஷம் கழித்து வந்தாள். நாங்கள் எல்லோரும் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் கூடி நின்றோம். பெட்டியைத் திறந்து சாக்லேட் எடுத்து, ஜிகினாத் தாளை உரித்துப் பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டினாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு யாராவது உரித்து ஊட்டுவார்களா? இவள் மனதில் பிள்ளை இன்னும் எட்டு வயதிலேயே நின்றது. கிருஷாந்தி என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு என் காதில் கேட்டாள்:

"அம்மாயி, இவங்க எத்தன நாளைக்கு இருப்பாங்க?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் மீனம்மா காதில் விழுந்துவிட்டது. உரித்த சாக்லேட்டைத் திரும்பத் தாளில் மடித்து வைத்தாள். இனிமேல் குவைத்துக்குப் போவதில்லை என்று அந்த நேரத்திலேயே அவள் முடிவு எடுத்துவிட்டாள் என்று நான் நினைக்கிறேன்.

முடிவு எடுத்தால் போதுமா? கினிகத்தேனையிலிருந்து ஏஜென்ட் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அதே வீட்டு மேடம் திரும்பவும் மீனம்மாவைத்தான் கேட்கிறார்கள், விசா தயார் என்றார். அழகன் தலையைச் சொறிந்தான். கூரையில் பாதிதான் மாற்றி இருந்தது.

அப்போதுதான் மீனம்மா தையல் விஷயத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்பே தோட்டத்துத் தையல் வகுப்பில் படித்தவள். குவைத்து மேடத்தின் அம்மா வீட்டிலேயே தையல் அறை வைத்திருந்தார்களாம். இரண்டு தையல்காரர்கள் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பார்களாம். இவள் அங்கே துணிக்கு அயர்ன் போட்டுக்கொண்டே அவர்கள் கையைப் பார்த்துப் பார்த்துப் படித்து வந்திருக்கிறாள். இன்னொன்றும் பார்த்திருக்கிறாள். மேடத்தின் மகள் கடைக்கே போகாமல், கம்ப்யூட்டரில் பேஸ்புக் என்ற ஒன்றில் படத்தைப் பார்த்து உடுப்புக்குச் சொல்லி எடுப்பாளாம்.

"தீவாளிக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதுக்குள்ள நாப்பது ஜாக்கெட்டுக்கு ஆள் புடிச்சிட்டா நீ போவ வேணாம். இல்லாட்டி கார்த்திகையில ஏறிரு. புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றான் அழகன். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த நியாயம் அது. மீனம்மா சரி என்றாள். ஏஜென்டும் சரி என்றார். நாற்பது வராது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்று மாதத்தில் நாலு ஜாக்கெட்தான் வந்தது. அதில் இரண்டு என்னுடையது. பஜாரில் ஏற்கெனவே மூன்று தையல் கடை இருக்கும்போது லயத்துக்குள் வந்து யார் தைக்கக் கொடுப்பார்கள்? வடக்கில் சண்டை முடிந்த வருஷம் அது. ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீனம்மா என் காம்பரா வாசலில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, ஹட்டனுக்கு வாறீங்களா? தனியாப் போனா பேசுவாங்க."

"நான் வந்தாலும் பேசுவாங்கடி" என்றேன். ஆனாலும் சீலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஹட்டன் பஜாரில் அந்த நெட் கடையைப் பார்த்துக்கொண்டவள் கஜனி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தகப்பன் ஹட்டனில் வாத்தியார். கண்ணாடி போட்டிருப்பாள், வேகமாகப் பேசுவாள். பாதி எனக்குப் புரியாது.

"வாங்கோ அக்கா. ஆச்சி, நீங்கள் இதில இருங்கோ. என்ன செய்ய வேணும்?"

"பேஸ்புக்ல ஜாக்கெட் விக்கணும், மிஸ்" என்றாள் மீனம்மா.

கஜனி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "இஞ்ச பொடியள் பெட்டையளோட கதைக்கத்தான் வாறவங்கள். ஜாக்கெட் விக்கவெண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

கணக்குத் திறப்பதற்கு ஒரு ரகசியச் சொல் வைக்க வேண்டும் என்றாள். மறந்துபோனால் என்ன செய்வது என்று மீனம்மா அதை எனக்கும் சொல்லி வைத்தாள். நான் மறந்துவிடக்கூடாதே என்று பஸ்ஸில் வரும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். நோர்வூட் தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஜனி தலையில் அடித்துக்கொண்டு வேறு சொல் மாற்றிக் கொடுத்தாள். அதை எனக்குச் சொல்லவில்லை.

முகத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். மீனம்மா தன் முகத்தைப் போட மாட்டேன் என்றாள். பிள்ளையின் படமும் கூடாது. கத்தரிப்பூ நிறத்தில், கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி மணி கோத்த ஒரு ஜாக்கெட்டைக் காலை வெயிலில் தேயிலைச் செடி மேல் விரித்து வைத்து, குவைத்திலிருந்து கொண்டுவந்த போனில் படம் எடுத்து வந்தாள். அதுதான் முகம். ஜாக்கெட்டுக்குக் கீழே மீனம்மா என்று பெயர்.

அதற்குப் பிறகு ஆட்களைச் சேர்க்க வேண்டுமாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்பில் இருக்கிறார்கள்! புறக்கோட்டைத் துணிக் கடைகளில் நிற்கிறார்கள், கார்மென்ட்டில் இருக்கிறார்கள். ஞாயிறு லீவு விட்டால் அதுகளும் நெட் கடையில்தான். பெயர் பெயராக வந்தது. மீனம்மா ஒருவரையும் சும்மா சேர்க்கவில்லை. "எந்தத் தோட்டம்? எந்தப் பிரிவு? யாரு மகன்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதச் சொன்னாள்.

"அக்கா, இது கலியாணம் பேசுற இடமில்லை" என்றாள் கஜனி.

"தெரியாதவங்கள எப்படி மிஸ் வூட்டுக்குள்ள விடுறது?"

விசாரித்து விசாரித்தே ஒரு மாதத்தில் நூற்று எழுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். மீனம்மாவும் எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் தட்டப் பழகிவிட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது எப்படி என்று கஜனி ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

இனி ஒரு தடவை பொதுவாக எழுதிப் போட்டால் போதும், நூற்று எழுபது பேரும் பார்ப்பார்கள் என்றாள் கஜனி. மீனம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் ஒரு விசேஷம் என்றால் எப்படிச் சொல்வோம்? குங்குமச் சிமிழும் சந்தனமும் தட்டில் எடுத்துக்கொண்டு காம்பரா காம்பராவாக ஏறி இறங்குவோம். தாய்மாமன் வீடு முதலில், பிறகு பெரியப்பன், சித்தப்பன், அத்தை வீடுகள். முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரு வாசலை விட்டுவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லோருக்கும் ஒன்றாகத் தப்பு அடித்துச் சொல்வது சாவுக்குத்தான்.

"பொதுவா சொன்னா யாரும் வர மாட்டாங்க, மிஸ்" என்றாள் மீனம்மா.

"வரவே மாட்டாங்க. மரியாதை இல்ல" என்றேன் நான்.

அந்தப் பிழையில் பாதி என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை. முழுப் பிழை என்று மட்டும் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவது என்று முடிவானது. விஷயம் ஒன்றுதான்: நான் இன்னார் மகள், மணி வைத்து ஜாக்கெட் தைக்கிறேன், அவசியம் சொல்லுங்கள். முறை மட்டும் மாற வேண்டும். அங்கேதான் என் வேலை. நாலு தோட்டத்துச் சொந்தமும் எனக்கு விரல் நுனியில்.

"பெரியம்மா, மேப்பிரிவு காளியாயி மகன் எனக்கு என்ன மொற?"

"கொழுந்தன் மொற. ஆனா வயசுக்கு மூத்தவன், அண்ணேன்னே போடு."

"இந்தப் புள்ள?"

"அது ஒனக்கு நாத்துனா. அத முன்னாடி எழுது, கோவக்காரி."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. அறுபத்து இரண்டு பேருக்குப் போய்விட்டது. அறுபத்து மூன்றாவது ஆளுக்குத் தட்டும்போது திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது, போக மாட்டேன் என்றது. கஜனி ஓடிவந்து வாசித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"அக்கா, கனபேருக்கு ஒரே கதையை அனுப்பினபடியால், தொல்லை குடுக்கிற ஆள் எண்டு நினைச்சு மறிச்சுப் போட்டாங்கள். இனி ஒருத்தருக்கும் தனிய எழுதேலாது."

மீனம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு மிஸ் சொன்னது? எந்த மாமா சொன்னாரு?"

"மாமா ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. மெசின்தான் பார்த்து மறிச்சது."

"அந்த மெசின்கிட்ட சொல்லுங்க மிஸ்" என்றேன் நான். "இப்ப எழுதப்போனது இவளோட சொந்தச் சித்தப்பனுக்கு. யாரோ எவரோ இல்ல."

கஜனி சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். மீனம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், சொந்தக்காரர்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டேனே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தீபாவளிக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. கையில் அதே நாலு ஜாக்கெட்.

மறுநாளே ராக்காயி பீலிக்கரையில் புதுக் கதையை அவிழ்த்துவிட்டாள். மீனம்மாவைக் கம்ப்யூட்டர் போலீஸ் பிடித்துவிட்டதாம். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொன்னால் அதிலிருந்து இன்னொரு கதை கிளம்பும்.

அந்த அறுபத்து இரண்டு பேரில் மூன்று பேர்தான் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவன் "நல்லது" என்று எழுதினான். ஒருத்தி "நீங்க யாரு" என்று கேட்டாள், அந்தக் கோபக்கார நாத்தனார்தான். மூன்றாவது ஆள் பக்கத்துப் பிரிவு துஷாந்த். புறக்கோட்டையில் துணிக் கடையில் நிற்கிறவன், இருபத்தைந்து வயது இருக்கும். அவன் அக்கா மகள் பெரிய மனுஷி ஆகியிருந்தாள். ஆவணியில் சடங்கு. "அக்கா, சீர் நான்தான் செய்யணும். சீலை நான் எடுத்துட்டு வாறேன். ஜாக்கெட் நீங்க தைங்க. நம்ம பக்கத்துல யாரும் பாக்காத மாதிரி இருக்கணும்" என்று எழுதியிருந்தான்.

பிள்ளையின் அளவு ஜாக்கெட் வந்து சேர்ந்தது. சீலையின் கரையில் ஒரு துண்டை வெட்டிப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டான் துஷாந்த். பச்சைச் சீலை, மாம்பழ நிறக் கரை. மீனம்மா இஸ்தோப்பில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து ஆறு பகல் தைத்தாள். கையின் ஓரத்தில் தேயிலைக் கொழுந்து மாதிரி, இரண்டு இலையும் ஒரு மொட்டும், வரிசையாக மணி வைத்தாள். காலம் முழுக்கக் கொழுந்து பறித்தவள் நான். அந்த மணியைப் பார்த்ததும் என் விரல் தானாகக் கிள்ளப் போனது.

சடங்குக்கு நானும் போனேன். தாய்மாமன் சீர் வருகிறது. தட்டுத் தட்டாகப் பெண்கள் தூக்கி வருகிறார்கள். பந்தலில் மைக்கைப் பிடித்திருந்தவன் விடுவானா? "கொழும்பிலிருந்து வருகை தந்திருக்கும் தாய்மாமன் துஷாந்த் அவர்கள், தன் அக்கா மகளுக்குச் செய்யும் சீர் வரிசை!" என்று மலையே அதிரச் சொன்னான். துஷாந்த் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். பக்கத்தில் நின்ற மற்ற மாமன்மார்கள் ஒவ்வொரு தட்டையும் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்தார்கள். மீனம்மா சீரைப் பார்க்கவில்லை. அந்த மாமன்மார்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஹட்டனில் போய் உட்கார்ந்ததும் கஜனியிடம் சொன்னாள்:

"மிஸ், இந்த ஜாக்கெட் படத்தப் போடுங்க. புள்ள படம் வேணாம், பேரும் வேணாம். ஜாக்கெட் மட்டும். கீழ நான் சொல்ற மாதிரி எழுதுங்க. பொகவந்தலாவ, தாய்மாமன் துஷாந்த் தன் அக்கா மகளுக்குச் செய்த சீர்."

"இதை எல்லாருக்கும் பொதுவாப் போடுறதோ? போன மாசம் கூடாதெண்டு ரெண்டு பேரும் ஒற்றைக்கால்ல நிண்டியள்!"

"கூப்புடறதுதான் மிஸ் பொதுவா கூடாது. செஞ்சவங்க பேர பொதுவாத்தான் சொல்லணும். மைக்குல சொல்லாத சீரு யாருக்குத் தெரியும்?"

கஜனி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். படத்தைப் போட்டு, அதில் துஷாந்தின் பெயரையும் கோத்துவிட்டாள். அப்படிக் கோத்தால் அவனுடைய ஆட்களுக்கும் அந்தப் படம் போகுமாம்.

போனது. துஷாந்த் தன் கடையில் நிற்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினானாம். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் காட்டினானாம். அந்த வாரத்துக்குள் படத்துக்குக் கீழே ஐம்பது பேர் எழுதிவிட்டார்கள். கஜனி வாசிக்க வாசிக்க நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு மாமன் எழுதுகிறான், "அவன் ஒன்னு செஞ்சானா? எனக்கு ரெண்டு அக்கா, ரெண்டு ஜாக்கெட் போடுங்க." இன்னொருவன் தலவாக்கலைக்காரன், "எங்க பக்கத்து மாமனுங்க என்ன சும்மாவா? கை ஓரத்துல மட்டும் இல்ல, முதுகுலயும் மணி வேணும்" என்கிறான். ஒருவனுக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. "சித்தப்பன் செய்தான்னு போடலாமா?" என்று கேட்டிருந்தான். போடலாம் என்று நான்தான் அனுமதி கொடுத்தேன்.

மீனம்மா ஒவ்வொரு ஜாக்கெட்டையும் தைத்து முடித்ததும் தேயிலைச் செடி மேல் விரித்துப் படம் எடுத்தாள். மாமன் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான் எழுதினாள். என்னிடம் வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஒரு மாமன் பெயர் வந்தால் இரண்டு மாமன்மார் கிளம்பினார்கள். அளவு ஜாக்கெட்டுகள் பொட்டலம் பொட்டலமாகப் பஸ்ஸில் வந்து இறங்கின. கண்டக்டர் எங்கள் திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தி, "ஜாக்கெட் அக்கா வீட்டு ஆள் யாரு?" என்று கத்துவான். பெக்டரி விட்டு வருகிற அழகன் போய் இரண்டு கையாலும் வாங்கி வருவான். தபாலாபீசு மாதிரி ஆகிவிட்டது அவன் பாடு. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு வர ஆரம்பித்திருந்தது.

புரட்டாசி முடியும்போது முப்பத்து மூன்று. தீபாவளி நெருங்கியதும் மாமன்மார் போதாதென்று தம்பிமாரும் கிளம்பிவிட்டார்கள். முப்பத்து ஒன்பதாவது ஓடர் யாருடையது தெரியுமா? சின்னராசா. வெள்ளவத்தையில் ஹோட்டலில் வேலை செய்கிறவன். அக்காவுக்குத் தீபாவளிக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும் என்று எழுதியிருந்தான். அக்கா வேறு யாரும் இல்லை, நம் ராக்காயிதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ராக்காயி வந்தாள். அளவு ஜாக்கெட்டைத் துவாயில் சுற்றி அக்குளில் வைத்திருந்தாள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன், நகரவில்லை.

"சும்மாத்தான் வந்தேன், பெரியம்மா."

"சும்மா வந்தவ அக்குள்ள என்னடி?"

மீனம்மா வெளியே வந்து ஒன்றும் நடக்காத மாதிரி ஜாக்கெட்டை வாங்கி விரித்துப் பார்த்தாள். "கழுத்து இன்னும் கொஞ்சம் எறக்கலாமா அக்கா?"

"வேணாம் வேணாம். பாக்குறவங்க என்ன பேசுவாங்க?" என்றாள் ராக்காயி. பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி பேரு வருமில்ல?"

"வரும்."

"எம் பேரு வேணாம்."

"சரி, போடல."

ராக்காயி இரண்டு எட்டு நடந்து திரும்பி வந்தாள். "போடுறதுன்னாலும் போடு. மூலையில போடாம, தெரியுற மாதிரி போடு."

மறுவாரமே பீலிக்கரையில் கதை மாறிவிட்டது. மீனம்மாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததே அவள் தம்பிதானாம். அதற்கும் நான் சண்டை போட்டேன். பொய் நல்ல பொய்யாக இருந்தாலும் பொய்தானே.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது நாற்பது தாண்டி நாற்பத்து நாலில் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். தீபாவளி கழிந்த நாலாம் நாள் ஏஜென்ட் வந்தார்.

"நாப்பது முடிச்சிட்டீங்க, ஒத்துக்கிறேன். ஆனா தீவாளி போயிருச்சே. இனி யாரு ஜாக்கெட் கேப்பாங்க? பொங்கல் வரைக்கும் ஈ ஓட்டுவீங்க. குவைத்துல மாசாமாசம் நிக்காம வரும். வர்ற வியாழக்கெழம காலையில வேன் வருது. ஒங்க சீட்ட நான் யாருக்கும் குடுக்கல."

அழகன் தலை குனிந்துகொண்டான். அந்த வாரம் முழுக்க ஒரு பொட்டலம்கூட வரவில்லை, அது உண்மை. மீனம்மா போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கிருஷாந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சிந்திக் கிடந்த மணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு ஹட்டனுக்குப் போனோம். மீனம்மா தானே ஒற்றை விரலால் தட்டினாள். அவள் அந்தப் பக்கத்தில் முதல்முதலாகக் கேட்ட கேள்வி அது: "மாமன்மார்களே, பொங்கலுக்குள்ள யார் வீட்ல சடங்கு இருக்கு? பேர் சொல்லுங்க, நாள் குறிச்சிக்கிறேன்."

நாங்கள் வடை சாப்பிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஐந்து பேர். பஸ்ஸுக்கு எழும்பும்போது ஒன்பது. கஜனி எழுதி எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, எங்கட பக்கம் இதுக்குச் சாமத்தியவீடு எண்டு சொல்லுறது. பேர் என்னவெண்டாலும் மாமன்மார் ஒண்டுதான். கடைக்குப் பின்னால சாமான் அறை சும்மா கிடக்குது. மெசினைக் கொண்டந்து அங்கயே தைங்கோ. படத்தையும் அண்டண்டைக்கே போடலாம். கரண்டும் உங்கட லயத்தில மாதிரி நிண்டு நிண்டு வராது."

மீனம்மா என்னைப் பார்க்கவில்லை. யாரிடமும் முறை கேட்கவில்லை. "வியாழக்கெழம வாறேன், மிஸ்" என்றாள்.

வியாழக்கிழமை விடிந்தது. அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். லயத்துக்குக் கீழே ரோட்டில் வேன் வந்து நின்று ஹோன் அடித்தது. உள்ளே ஏற்கெனவே இரண்டு பெண்கள், மடியில் பெட்டி. அழகன் அன்றைக்கு லீவு போட்டிருந்தான். தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியில் நின்றான். ஏஜென்ட் சாக்குமூட்டையைப் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து கேட்டார்:

"அது எதுக்கு? அங்க எல்லாம் மேடமே குடுப்பாங்க. வாங்க, நேரமாச்சு!"

"நான் ஹட்டனுக்குப் போறேங்க" என்றாள் மீனம்மா வாசலில் நின்று தலையைச் சீவிக்கொண்டே.

"பொங்கல் வரைக்கும் என்ன செய்வீங்கன்னு கேட்டேனே, அதுக்குப் பதில் சொல்லல."

"நம்ம பக்கம் புள்ளைங்க வருஷம் பூரா பெரிய மனுஷி ஆகுதுங்க. தாய்மாமனுங்களும் வருஷம் பூரா இருக்காங்க."

வேனுக்குள் இருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ஏஜென்ட் இரண்டு பேனாவையும் தடவிப் பார்த்துக்கொண்டார். மீனம்மா கொண்டையை முடிந்து, மணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட உடுப்பில் நின்ற மகளின் ரிப்பனை ஒரு தடவை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மெசின எறக்கி வச்சிட்டு நீங்க அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருங்க. வந்ததும் உளுந்த ஊறப் போட்டுருங்க. நான் அஞ்சு மணிக்கு வந்து ஆட்டிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வாசற்படியைத் தாண்டி இறங்கி நடந்தாள்.